விட்மனின் போர்க்காலத்தை ஒரே வரியில் தாண்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் காலத்தில் விட்மனுக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கத் துணிந்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு குறை இருக்கிறது. பாரதியார் அவரைப் பற்றி எழுதியதையும், ந. பிச்சமூர்த்தி அவரைப் படித்த பிறகு புதுக்கவிதைப் பக்கம் வந்ததையும் அரைப்பக்கம் விவரித்த கட்டுரையாளர், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையான நான்கு வருடத்தை "போரில் செவிலியராகப் பணிபுரிந்தார்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். அந்த ஒரு வரியும் சரியில்லை. விட்மன் சம்பளம் வாங்கிய செவிலியர் கிடையாது, படையிலும் சேரவில்லை. அவர் செய்தது வேறு, அதற்குச் சரியான பதவிப் பெயரே கிடையாது. நான் பல வருடம் இங்கே அரசு மருத்துவமனை வார்டுகளில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதனால் கொஞ்சம் உரிமையோடுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லிங்கன் இறந்ததைப் பற்றிய அந்தக் "கேப்டன்" கவிதையை முழுசாக மொழிபெயர்த்துப் போட்டு இடத்தை நிரப்பிவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ய வசதியான கவிதை அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை எழுதிய மனிதரே கடைசிக் காலத்தில், போகிற இடமெல்லாம் அதையே கேட்கிறார்களே என்று சலித்துப்போய், ஏண்டா எழுதினோம் என்கிற அளவுக்குப் பேசியிருக்கிறார். அந்த இடத்தில் மருத்துவமனைக் கவிதை ஒன்றைப் போட்டிருக்கலாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

விட்மன் முதலில் உங்கள் தொழில்காரர், ஐயா. 1819-இல் லாங் ஐலண்டில் பிறந்தவர், பதினோரு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, பன்னிரண்டு வயதில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் பழகினார். 1838-இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்து, தானே எழுதி, தானே அச்சடித்து, குதிரையில் ஏறி வீடு வீடாகத் தானே கொண்டுபோய்ப் போட்டார். 1846-இல் புரூக்ளினின் பெரிய தினசரியான ஈகிளுக்கு ஆசிரியர். புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளில் அடிமை முறையை அனுமதிக்கக் கூடாது என்று எழுதியதால் முதலாளிக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டு, 1848-இல் வேலை போயிற்று. அப்புறம் நியூ ஆர்லியன்ஸில் மூன்று மாதம் ஒரு பத்திரிகை, திரும்பி வந்து புரூக்ளினில் இன்னொன்று, இப்படியே அலைந்தார். 1855-இல் புல்லின் இதழ்கள் என்ற தன் கவிதைத் தொகுப்பை வெளியிட்டபோது அதில் சில பக்கங்களுக்குத் தானே எழுத்துக் கோத்தார், முகப்பில் தன் பெயரைக்கூடப் போடவில்லை. இதெல்லாம் உங்கள் கட்டுரையில் ஓரளவு வந்துவிட்டது, அதனால் நீட்டவில்லை. நான் சொல்ல வந்தது, போருக்குள் நுழைந்தவர் முதலில் ஒரு பத்திரிகைக்காரர், கவிஞர் என்பது அதற்கு அடுத்தபடிதான் என்பதை. செய்தி எப்படி வருகிறது, எதை விட்டுவிட்டு வருகிறது என்று தெரிந்த ஆள்.

போர் தொடங்கிய செய்தி அவருக்கு வந்த விதத்தைப் பாருங்கள். 1861 ஏப்ரல், சம்டர் கோட்டையை, நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலத்தார் பீரங்கியால் தாக்கிவிட்டார்கள். விட்மன் நியூயார்க்கில் ஆபரா பார்த்துவிட்டு நள்ளிரவு நேரத்தில் பிராட்வே வழியாக நடந்து வருகிறார். தூரத்தில் பேப்பர் பையன்கள் கத்திக்கொண்டு தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிவருகிறார்கள். ஒரு சிறப்புப் பதிப்பை வாங்கிக்கொண்டு, பெரிய விளக்குகள் எரிந்துகொண்டிருந்த ஒரு ஓட்டல் வாசலுக்குப் போகிறார். அங்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. பேப்பர் கிடைக்காதவர்களுக்காக ஒருவர் தந்தியைச் சத்தமாகப் படிக்க, முப்பது நாற்பது பேர் வாயைத் திறக்காமல் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போகிறார்கள். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். போர் ஆரம்பம் என்றால் நாம் கொடியும் கூச்சலும்தான் எதிர்பார்ப்போம், அவர் கண்ணில் பட்டது அந்தப் பேச்சற்ற கூட்டம். அதற்காக அவர் ஆரம்பத்திலிருந்தே போரை வெறுத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அதே வருடம் முரசு கொட்டு, எக்காளம் ஊது என்று ஆவேசமாக ஒரு கவிதை எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார். மற்றவர்கள் மாதிரி அவருக்கும் அந்தக் காய்ச்சல் இருந்தது. வயது அப்போது நாற்பத்திரண்டு. தம்பி ஜார்ஜ் படையில் சேர்ந்தார், அண்ணன் சேரவில்லை. நியூயார்க்கில் இருந்துகொண்டு உள்ளூர் வரலாறு எழுதினார், வண்டியோட்டிகள் அடிபட்டுக் கிடந்த ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தார், அதையும் பத்திரிகைக்கு எழுதினார். ஆக, படுக்கை ஓரத்தில் உட்காருகிற பழக்கம் போர் கற்றுக்கொடுத்தது அல்ல, முன்னாலேயே இருந்தது.

1862 டிசம்பரில் எல்லாம் மாறியது. மாற்றியது ஒரு அச்சுப் பிழை, இதை உங்கள் ஆசிரியர் குழு ரசிப்பார்கள் என்று நினைக்கிறேன். ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் காயமடைந்தவர்கள் பட்டியல் செய்தித்தாளில் வந்தது. அதில் ஜி. டபிள்யூ. விட்மோர் என்று ஒரு பெயர். இது நம் ஜார்ஜ்தான், எழுத்து மாறிவிட்டது என்று குடும்பத்துக்கு உடனே புரிந்துவிட்டது, பெயர்ப் பட்டியல்களின் லட்சணம் ஒரு பத்திரிகைக்காரருக்குத் தெரியாதா. அன்றைக்கே கிளம்பினார். வழியில் ஃபிலடெல்ஃபியாவில் ரயில் மாறும்போது எவனோ பிக்பாக்கெட் அடித்துவிட்டான், கையில் சல்லிக் காசு இல்லை. வாஷிங்டனில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கித் தேடினார், தம்பி எங்கேயும் இல்லை. கடைசியில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஃபால்மத் முகாமில் ஜார்ஜ் நன்றாகவே இருந்தார், குண்டுச் சில்லு ஒன்று கன்னத்தைக் கிழித்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் தம்பியைப் பார்க்கும் முன்பே அண்ணன் வேறொன்றைப் பார்த்துவிட்டார். ஆற்றோரத்தில் ஒரு பெரிய மாளிகையை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அதன் வாசலில் ஒரு மரத்தடியில் வெட்டியெடுத்த கால், பாதம், கை, விரல் எல்லாம் குவியலாகக் கிடந்தன, ஒற்றைக் குதிரை வண்டிக்கு ஒரு முழு லோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறார். அந்த அளவை அவர் சொன்ன விதத்தில் ஒரு செய்தியாளர் இருக்கிறார். ஐயோ பயங்கரம் என்று எழுதவில்லை, எத்தனை வண்டி என்று எழுதினார்.

ஏன் அத்தனை கை கால்கள் என்று உங்கள் இளம் வாசகர்கள் கேட்கலாம், அதனால் தொழில்முறையில் இரண்டு வார்த்தை. அந்தப் போரில் பெரும்பாலும் பயன்பட்டது மினியே என்கிற மெத்தென்ற ஈயக் குண்டு. அது எலும்பில் பட்டால் துளைத்துக்கொண்டு போகாது, நசுங்கி விரிந்து எலும்பைச் சில்லுச் சில்லாக நொறுக்கிவிடும். அந்த எலும்பைச் சேர்த்துவைக்க அன்றைய வைத்தியத்தில் வழியில்லை, வெட்டாமல் விட்டால் சீழ் வைத்து உயிர் போகும். மயக்க மருந்து, குளோரோஃபார்மும் ஈதரும், அப்போதே இருந்தது, சினிமாவில் காட்டுவது போல எல்லாரையும் பல்லைக் கடிக்கச் சொல்லி அறுக்கவில்லை. இல்லாமல் போனது கை கழுவுகிற அறிவு. கிருமிதான் காரணம், கார்பாலிக் அமிலத்தால் அதைத் தடுக்கலாம் என்று ஜோசப் லிஸ்டர் எழுதி வெளியிட்டதே 1867-இல்தான், போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து. ஒரே பஞ்சு, ஒரே தண்ணீர்ப் பாத்திரம், ஒரு புண்ணிலிருந்து அடுத்த புண்ணுக்குப் போனது. அதைவிடப் பெரிய கொலைகாரன் வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும். அந்தப் போரில் இறந்தவர்கள் சுமார் 6,20,000 என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு, அதில் மூன்றில் இரண்டு பங்கு நோயால் போனது.

முகாமில் பத்து நாள் போல இருந்துவிட்டு, காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலிலும் படகிலும் கூடவே வாஷிங்டன் வந்தார் விட்மன். திரும்பி நியூயார்க் போயிருக்கலாம். போகவில்லை. படைக்குச் சம்பளம் போடும் அலுவலகத்தில் சில மணி நேரம் காகிதங்களைப் பிரதியெடுக்கிற வேலை தேடிக்கொண்டார், அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். மிச்ச நேரமெல்லாம் ஆஸ்பத்திரி. வாஷிங்டனே அப்போது ஆஸ்பத்திரியாகத்தான் இருந்தது. காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில், கண்டுபிடிப்புகளின் மாதிரிகளை வைத்திருந்த உயரமான கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே படுக்கைகளைப் போட்டிருந்தார்கள். அதே கூடத்தில்தான் 1865 மார்ச்சில் லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றதற்கு நடன விருந்து நடந்தது. விட்மன் முன்கூட்டியே போய் அலங்காரத்தைப் பார்த்துவிட்டு, இங்கேதானே அவர்கள் கிடந்தார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். அவர் அதிகம் போனது ஆர்மரி ஸ்கொயர் மருத்துவமனைக்கு. படகுத் துறைக்குப் பக்கம் என்பதால் மிக மோசமானவர்களை அங்கேதான் முதலில் இறக்குவார்கள். அதனால்தான் அங்கே போகிறேன் என்று அவரே சொன்னார்.

போகும் முன் அவர் என்ன செய்வார் தெரியுமா? நன்றாக ஓய்வெடுத்து, குளித்து, சுத்தமான துணி உடுத்தி, வயிறாரச் சாப்பிட்டு, முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டு போவார். இதை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்களுக்கு நர்சிங் பயிற்சியில் மூத்த சிஸ்டர் ஒருவர் இதையேதான் அதட்டிச் சொல்வார், பசியோடு வார்டுக்குள் காலை வைக்காதே, நோயாளி உன் முகத்தைப் பார்த்துத்தான் தன் நிலைமையைத் தெரிந்துகொள்வான் என்று. அந்த அம்மா விட்மனைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

கையில் ஒரு பை. அதில் ஆரஞ்சு, ஆப்பிள், இனிப்பு, ஊறுகாய், பழச்சாறு, புகையிலை, எழுதுதாள், தபால்தலை ஒட்டிய உறை, கொஞ்சம் சில்லறைக் காசு. காசு எதற்கு என்றால், மாதக்கணக்கில் சம்பளம் வராமல் கிடக்கும் பையனுக்குப் பால் வாங்கக்கூடக் கையில் ஒன்றும் இருக்காது, கையில் ஒரு காசு இருந்தாலே மனசுக்குத் தெம்பு. இந்தக் காசை அவர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிற தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதி எழுதிச் சேர்த்தார். ஒரு கோடை நாளில் கார்வர் மருத்துவமனை முழுக்க எல்லா வார்டுக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார், அதை முதல்தடவையாகச் சுவைத்த கிராமத்துப் பையன்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். காகிதத்தை மடித்து ஊசி குத்திய சின்னச் சின்ன நோட்டுகள் சட்டைப்பையில் இருக்கும். எந்த வார்டு, எத்தனையாவது படுக்கை, பெயர், படைப்பிரிவு, என்ன காயம், வீட்டு முகவரி, என்ன கேட்டான். ஒருவனுக்கு ஊறுகாய், ஒருவனுக்கு அரிசிப் பாயசம், ஒருவனுக்கு அம்மாவுக்கு ஒரு கடிதம். பத்திரிகைக்காரரின் குறிப்பு நோட்டுதான் அது, ஆனால் எழுதியதை வைத்து மறுநாள் காரியமும் நடந்தது.

கடிதம் எழுதிக் கொடுத்ததுதான் அவர் செய்ததிலேயே பெரிது என்று எனக்குப் படுகிறது. எராஸ்டஸ் ஹாஸ்கெல் என்று ஒரு பையன், டைஃபாய்டு, 1863 ஆகஸ்டில் ஆர்மரி ஸ்கொயரில் இறந்துபோனான். படையில் குழல் ஊதுகிறவன். படுக்கைக்குப் பக்கத்தில் அந்தக் குழல் இருந்தது, உடம்பு தேறினால் உங்களுக்கு ஒரு பாட்டு வாசிக்கிறேன், ஆனால் எனக்கு இன்னும் சரியாக வராது என்று விட்மனிடம் சொல்லியிருக்கிறான். விட்மன் இதை அப்படியே அவனுடைய அப்பா அம்மாவுக்கு எழுதினார். பெயரோ புகழோ எங்கும் பதிவாகாத ஆயிரக்கணக்கான பையன்களில் இவனும் ஒருவன், அவன் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன் என்கிறார். வீரமரணம் என்று ஒரு வார்த்தை எழுதித் தள்ளிவிட்டுப் போயிருந்தால் அந்தத் தாய்க்கு அந்தக் குழல் தெரிந்திருக்காது. ஆஸ்கர் வில்பர் என்று இன்னொருவன் பைபிளில் ஒரு அதிகாரம் படிக்கச் சொன்னான், படித்தார். உங்களுக்கு மதத்தில் பிடிப்பு உண்டா என்று அவன் கேட்டான். சாகப்போகிற பையனிடம் பொய்யும் சொல்லாமல் மனசையும் நோகடிக்காமல், நீ நினைக்கிற மாதிரி இல்லாமலிருக்கலாம் கண்ணு, ஆனாலும் இரண்டும் ஒன்றுதானோ என்னவோ என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னார். இந்த மாதிரி பதில் கண நேரத்தில் வாயில் வருவது எவ்வளவு கஷ்டம் என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வார்டுகளைப் பற்றி ஒரு சொல். இங்கே டர்பனுக்கு வடக்கே கரும்புக் காட்டிலிருந்தும், அதற்கும் அப்பால் ஜூலூ கிராமங்களிலிருந்தும் கொண்டுவந்து போடும் நோயாளிகளுக்கு வருகை நேரத்தில் யாரும் வரமாட்டார்கள், டாக்சிக் கட்டணம் கட்டுப்படியாகாது. மற்ற படுக்கைகளைச் சுற்றி உறவுக்கூட்டம் நிற்கும்போது இவர்கள் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வார்கள். ஒரு பெரியவர், சர்க்கரை நோயில் கால் எடுத்தாகிவிட்டது, செல்போன் இருந்தது, ஏர்டைம் இல்லை. எங்களில் ஒருத்தி ஏர்டைம் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் பேசினார். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தச் சிவப்பு மாட்டை மட்டும் விற்றுவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று ராத்திரி முதல்முறையாகச் சாப்பிட்டார். மருந்துச் சீட்டில் இதை எழுத இடம் கிடையாது, ஆனால் விட்மனின் நோட்டில் இதற்கெல்லாம் இடம் இருந்தது.

போர் முடிந்ததும் அவர் போட்ட கணக்கு, சுமார் அறுநூறு தடவை மருத்துவமனைகளுக்கும் முகாம்களுக்கும் போனேன், எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை என் பார்வையில் பட்டார்கள் என்பது. இதற்கு நடுவே பத்திரிகைகளுக்கும் எழுதினார். 1863 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் நோயாளிகளின் பெரும்படை என்ற பொருளில் தலைப்புக் கொடுத்து நீளமாக எழுதினார். அந்த வருடக் கோடையில் லிங்கன் தினமும் குதிரையில் போகும் வழியில் இவருடைய அறை இருந்ததால் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்வார்கள், பேசியது கிடையாது. அந்தத் தலையசைப்பை வைத்துப் பல பேர் பெரிய கதை கட்டிவிட்டார்கள், விடுங்கள். 1864 கோடையில் உடம்பு தாங்காமல் தலைசுற்றலும் தொண்டைப் புண்ணுமாகப் புரூக்ளின் திரும்பினார். தம்பி ஜார்ஜ் பிடிபட்டுத் தெற்கில் சிறையில் கிடந்தார். 1865 ஜனவரியில் அண்ணன் மறுபடி வாஷிங்டன் வந்து அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்தபோது, அமைச்சர் ஒருவர் புல்லின் இதழ்கள் ஆபாசம் என்று ஜூனில் வேலையை விட்டுத் தூக்கினார். ஆயிரக்கணக்கான பையன்களின் தலைமாட்டில் உட்கார்ந்த மனிதருக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை இது. நண்பர்கள் வேறு துறையில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

சரி, அந்தக் கவிதை. 1865-இல் வந்த முரசுக் கவிதைகள் தொகுப்பில் இருப்பது, காயத்துக்குக் கட்டுப்போடுகிறவன் பேசுகிற கவிதை. பிள்ளைகள் ஒரு கிழவனைச் சூழ்ந்துகொண்டு போர்க்கதை சொல்லு தாத்தா, எந்தச் சண்டை பெரிது என்று கேட்கிறார்கள். அவர் சண்டையைச் சொல்லாமல் படுக்கை வரிசையைச் சொல்கிறார். உதவியாள் தட்டும் வாளியும் ஏந்திக்கொண்டு பின்னால் வருகிறான், வாளி ரத்தத் துணியால் நிரம்புகிறது, கொட்டுகிறார்கள், மறுபடி நிரம்புகிறது. வெட்டுப்பட்ட கையின் முனையில் ஒட்டிக்கொண்ட பஞ்சைப் பிரித்து, செத்த தசையை எடுத்து, சீழையும் ரத்தத்தையும் கழுவுகிறார். வேலை வரிசை சரியாக இருக்கிறது, ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை, நான் சரிபார்த்துவிட்டேன். இத்தனைக்கும் நிஜத்தில் அவர் கட்டுப்போட்டது அரிதாகத்தான். பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அப்படிப் பார்க்கத் தெரிந்திருந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். விட்மன் 1892-இல் இறந்தார். ஏழு வருடம் கழித்து, 1899 அக்டோபரில், எங்கள் நேட்டாலில் ஆங்கிலேயருக்கும், டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்களுக்கும் போர் மூண்டது. காந்தி அப்போது டர்பனில் வக்கீல். காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல இந்தியர் படை ஒன்றைச் சேர்த்தார், டாக்டர் பூத் என்ற மருத்துவப் பாதிரியார் பயிற்சி கொடுத்தார். காந்தி சொல்லும் கணக்கு சுமார் 1,100 பேர், அதில் ஏறத்தாழ 300 பேர் சுதந்திர இந்தியர்கள், மிச்சம் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். டிசம்பர் 15 கொலென்சோ சண்டையிலும், ஜனவரி கடைசியில் ஸ்பியான் காப் மலையிலும் அடிபட்டவர்களை டோலியில் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்திருக்கிறார்கள். வெயில் காலம், கரடுமுரடான மேட்டுப் பாதை. தோளில் கிடந்தவர்களில் ஆங்கிலேயப் படையின் ஜெனரல் உட்கேட்டும் ஒருவர். முன்னின்று நடத்தியவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. டோலியை நிஜமாகவே தோளில் சுமந்த கூலிகளில் எத்தனை பேருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்? நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறிய தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். அந்த டோலிகளின் கீழே கேட்ட பேச்சில் கணிசமானது தமிழாகத்தான் இருந்திருக்கும். நேட்டாலின் லேடிஸ்மித் ஊரைப் போயர்கள் முற்றுகையிட்டபோது மரத்தின்மேல் உட்கார்ந்து, போயர் பீரங்கி மின்னியதும் மணியடித்து ஊரை எச்சரித்த பிரபு சிங் என்ற கூலியின் பெயர் மட்டும் எப்படியோ வெளியே வந்தது, கர்சன் பிரபு அங்கி அனுப்பிப் பாராட்டினார் என்று காந்தி எழுதியிருக்கிறார். அந்த ஒருவர்தான்.

என் கணவர் வீட்டில், கொள்ளுத் தாத்தா வெள்ளைக்காரன் சண்டையில் டோலி தூக்கினார் என்று சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு வரி கிடையாது. எந்தத் தோட்டம், எந்த மலை, யாரைத் தூக்கினார், என்ன சாப்பிட்டார், தோள் புண்ணாகியிருக்குமே அதற்கு என்ன செய்தார், ஒன்றும் தெரியாது. இருந்த காகிதங்களும், நிறவெறி ஆட்சியின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் கேட்டோ மேனர் வீட்டை இடித்து சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டியபோது போய்விட்டன. மிச்சம் இருப்பது கப்பல் பட்டியல். அதில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி, உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் இருக்கிறது. இடது முழங்காலில் தழும்பு என்று எழுதிய அரசாங்கத்துக்கு அந்த முழங்கால் ஸ்பியான் காப்பில் ஏறி இறங்கியதை எழுதத் தோன்றவில்லை. ஆள் தொலைந்தால் பிடிப்பதற்கு எழுதிய குறிப்பு அது.

விட்மனைத் தெய்வமாக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அடிமை முறை பரவுவதை எதிர்த்த அதே மனிதர் கறுப்பின மக்களைத் தனக்குச் சமமாக நினைத்தார் என்று சொல்ல முடியாது, வயதான காலத்தில் பேசியவை படிக்கவே கூசும். கறுப்பினப் படைவீரர்களின் வார்டுகளுக்கும் போனேன், முடிந்ததைச் செய்தேன் என்று ஓரிரு வரி எழுதினார், ஆனால் அங்கே ஒரு ஹாஸ்கெல் நமக்குக் கிடைக்கவில்லை. காந்தியும் அந்த வயதில் ஆப்பிரிக்கர்களைப் பற்றி எழுதியதில் இங்கே நாங்கள் தலைகுனிகிற வரிகள் உண்டு. 1906 ஜூலூ எழுச்சியின்போது, வெள்ளையர் தொட மறுத்த, சாட்டையடியில் புண் அழுகிய ஜூலூக்களுக்குக் காந்தியின் சின்னக் குழு கட்டுப்போட்டது. அது அவரைக் கொஞ்சம் மாற்றியது என்பார்கள். அந்த ஜூலூக்களின் பெயரும் எங்கேயும் இல்லை. இந்த நாட்டில் வாழ்கிறவள் என்பதால் இதைத் தாண்டிப் போக என்னால் முடியாது.

நிஜமான போர் புத்தகங்களுக்குள் வரவே வராது என்று விட்மன் எழுதினார். தன் ஊசிகுத்திய நோட்டுகளை வைத்துக்கொண்டு முடிந்தவரை அதற்குள் கொண்டுவரவும் பார்த்தார். போர் முடிந்து பத்து வருடத்தில், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த உடம்போடு, அந்த நோட்டுகளைப் பிரித்துவைத்து அவர் தொகுத்த குறிப்புகள்தான் அவருடைய போர்க்கால நூல். உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது தயவுசெய்து அதைப் படித்துவிட்டு எழுதட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகைக்கு எங்கள் ஊரிலும், மொரீஷியஸிலும், மலேசியாவிலும், பர்மாவிலிருந்து 1942-இல் நடந்தே வந்த குடும்பங்களிலும் வாசகர்கள் இருக்கிறார்கள். போரில் டோலி தூக்கியவர், சமைத்தவர், கழுவியவர், நடந்தவர் யாராவது வீட்டில் இருந்திருந்தால் அவர்களைப் பற்றித் தெரிந்ததை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கதையாக அலங்கரிக்க வேண்டாம், ஊர், பெயர், என்ன சாப்பிட்டார், எதைக் கையில் வைத்திருந்தார், இதுபோதும். தமிழ் எழுதத் தெரியாத எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் அனுப்பினால் மொழிபெயர்த்துத் தர நானும் இங்கே தமிழ்ப் பள்ளியில் என்னோடு பாடம் எடுக்கும் இரண்டு டீச்சர்களும் தயார். கொள்ளுத் தாத்தாவின் கப்பல் எண்ணும் தழும்புக் குறிப்பும் உள்ள பக்கத்தின் நகலை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன், நீங்கள் விரும்பினால் அதையே முதலாவதாகப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்